மார்க் கிடைக்குமா அண்ணே?

எங்கள் வீட்டுக் கூரையில் ஒரு ஏரியல் இருந்தது. அதில் மலேசியச் சேனல்களைவிட சிங்கப்பூர்ச் சேனல்கள்தான் தெளிவாகத் தெரியும். ஜொகூர் பாருவில் வளர்ந்த என் வயதுக்காரர்கள் பலருக்கும் இது தெரிந்த கதைதான். ஃபுவா சூ காங் எங்களுக்கு அறிமுகமானது அப்படித்தான்: மஞ்சள் பூட்ஸ், சுருட்டை முடி, கன்னத்தில் மச்சம். சிங்கப்பூரிலேயே, ஜேபியிலேயே, சிலர் சொல்வதுபோல் பாத்தாமிலேயே சிறந்த கான்ட்ராக்டர் தான்தான் என்று பீற்றிக்கொள்வார். ஜேபி பேரைச் சொன்னதுமே எங்க வீட்டில் எல்லாரும் கை தட்டுவோம். டிவிக்காரர்கள் எங்களையும் கணக்கில் சேர்த்துக்கொண்டார்களே!

ஸ்கூடாயில் ஒரு கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை மாலைகளில் ஐந்தாம் படிவப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். எனக்கு வேலை பாசிர் கூடாங்கில், பம்புகளோடும் வால்வுகளோடும். இலக்கணம் நடத்தி அலுத்துப்போன ஒரு வாரம், ஆங்கிலம் ஊருக்கு ஊர் எப்படி மாறுகிறது என்று காட்டலாமென்று ஃபுவா சூ காங்கின் பழைய காட்சி ஒன்றைக் கைபேசியில் போட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். ஒரு பெண் மட்டும் சிரிக்கவில்லை. "எங்கப்பாவும் இப்படித்தான் பேசுவாரு அண்ணே," என்றாள். அவளுடைய அப்பா தினமும் மோட்டாரில் காஸ்வே தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்.

அதற்குப் பிறகு அந்தத் தொடரை வேறு கண்ணோடு பார்க்க வேண்டியதாயிற்று. 1997 முதல் 2007 வரை ஓடிய தொடர். அதை வெறும் கேலி என்று ஒதுக்கிவிட முடியாது. சூ காங்கின் ஆங்கிலத்தைப் பார்த்து முகம் சுளிக்கும் தம்பி மனைவி மார்கரெட்டும் அதே அளவுக்குக் கேலிப்பொருள்தான். 'நல்ல' ஆங்கிலம் பேசும் அவளைவிட, 'கெட்ட' ஆங்கிலம் பேசுகிறவருக்குத்தான் தொழிலும் தைரியமும் இருக்கின்றன. இந்தச் சமநிலை அரசாங்கத்தின் கண்ணில் படவில்லை. 1999இல் பிரதமர் கோ சோக் டோங் தேசிய தினப் பேரணி உரையில் இந்தக் கதாபாத்திரத்தின் பேரைச் சொல்லியே கவலைப்பட்டார்; சூ காங்கை ஆங்கில வகுப்புக்கு அனுப்பச் சொன்னார். தொடரிலும் அனுப்பினார்கள். மறு ஆண்டே 'நல்ல ஆங்கிலம் பேசுவோம்' இயக்கம் தொடங்கியது. ஒரு நாட்டின் பிரதமர் ஒரு கற்பனைக் கான்ட்ராக்டரின் இலக்கணத்தைத் திருத்த நேரம் ஒதுக்கினார் என்பதை இன்று நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. அந்தப் பெண்ணின் முகம் ஞாபகம் வந்தால் சிரிப்பு நின்றுவிடுகிறது.

அந்த அப்பா முதலாளிக்குப் போன் போட்டு "பாஸ், ஐ ரீச் ஆல்ரெடி" என்று சொல்வாராம். அந்த வாக்கியத்தைப் பலகையில் எழுதினேன். இதில் 'ஆல்ரெடி' என்ன வேலை செய்கிறது என்று கேட்டேன். 'ஏற்கெனவே' என்றார்கள். இல்லை. நாம் 'வந்துட்டேன்' என்கிறோமே, அந்த 'ட்டேன்'தான் அது. மலாயில் 'சுடா', சீனத்தில் 'லே'. மூன்று இனத்துக்காரர்களும் தங்கள் தங்கள் மொழியில் வைத்திருந்த ஒரே பொருளை ஒரே ஆங்கிலச் சொல்லில் ஏற்றியிருக்கிறார்கள். ஒழுங்கு இருக்கிறது, விதி இருக்கிறது. காஷ்மீரில் பிறந்த பிரஜ் கச்ரு 1985இல் ஆங்கிலத்தை மூன்று வட்டங்களாகப் பிரித்தபோது மலேசியாவை இரண்டாவது வட்டத்தில், அதாவது காலனி வழியாக ஆங்கிலம் வந்து தங்கி ஊர்மொழியாகிவிட்ட நாடுகளோடு வைத்தார். அந்த வட்டத்தைப் படமாகப் போட்டுக் காட்டினால் பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள். 'ட்டேன்' என்றதும் நிமிர்ந்தார்கள்.

அடுத்த வாரம் கே.எஸ். மணியத்தின் 'தி ரிட்டர்ன்' நாவலைக் கொண்டுபோனேன். 1981இல் வந்த நாவல். கெடா மாநிலம் பீடோங்கில் நடக்கும் கதை. கதைசொல்லி ரவி தமிழ்ப்பள்ளியிலிருந்து ஆங்கிலப் பள்ளிக்கு மாறுகிறான். மிஸ் நான்சி தான் பார்த்திராத ஒரு நாட்டைப் பாட்டும் கதையுமாக அவன் தலைக்குள் நட்டுவிடுகிறாள். படித்து, இங்கிலாந்து போய்த் திரும்பி வரும்போது அவனுக்கும் அப்பா நைனாவுக்கும் இடையே பேச மொழி இல்லாமல் போய்விடுகிறது. கடைசியில் நைனா, தனக்கு உரிமையில்லாத நிலத்தில் வீடு கட்டி, தமிழும் மலாயும் சீனமும் கலந்த ஏதோ ஒரு மொழியில் மண்ணோடு பேசத் தொடங்குகிறார். வீட்டோடு எரிந்தும் போகிறார்.

என் மனக்குறை ஒன்றுதான். நைனாவின் அந்தக் கலப்பு மொழி நாவலின் உச்சம். ஆனால் மகன் அதைத் தன் சலவை செய்த ஆங்கிலத்தில் நமக்கு விவரிக்கிறான். அந்தக் குரலை நாம் நேராகக் கேட்பது குறைவு. மணியத்துக்கு அது தெரியாமல் நடந்திருக்காது. பள்ளிக்கூட ஆங்கிலத்தை வென்ற மகனால் அப்பாவின் மொழியைத் திரும்பச் சொல்ல முடியவில்லை என்பதுதான் நாவலின் துக்கமே. இருந்தாலும் வாசகனாக நான் ஏமாந்துதான் போகிறேன்.

பிரீத்தா சமரசனின் 'ஈவினிங் இஸ் த ஹோல் டே' (2008) அந்தத் தயக்கத்தைத் தாண்டி வருகிறது. ஈப்போவில் ஒரு வசதியான தமிழ்க் குடும்பம், அங்கே வேலைக்கிருக்கும் செல்லம் என்ற பெண். இங்கே பாத்திரங்கள் மலேசிய ஆங்கிலத்தை நம் காதுபடவே பேசுகிறார்கள். தலைப்பு குறுந்தொகை 234ஆம் பாட்டிலிருந்து, ஏ.கே. ராமானுஜனின் மொழிபெயர்ப்பு வழியாக வந்தது. மிளைப்பெருங்கந்தன் எழுதியது ஆங்கிலத்தில் ஒரு சுற்று சுற்றிவிட்டு ஈப்போவில் வந்து இறங்கியிருக்கிறது என்றேன். "அப்போ அது நம்ம பாட்டா?" என்று ஒருவன் கேட்டான். சங்கப் பாட்டை நான் ஆங்கிலப் பாடத்தில் நடத்துவேன் என்று யார் நினைத்தது!

இதெல்லாம் கொண்டாட்டமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பெண் கேட்டாள்: "பரீட்சையில இப்படி எழுதினா மார்க் கிடைக்குமா அண்ணே?"

கிடைக்காது. 2016இல் சிங்கப்பூர் எழுத்தாளர் குவீ லி சுயி நியூயார்க் டைம்ஸில் சிங்கிலிஷை ஆதரித்து ஒரு கட்டுரை எழுதினார். பிரதமரின் செய்திச் செயலாளர் பதில் கடிதம் போட்டார். ஆங்கில இலக்கியத்தில் முனைவர் பட்டம் வாங்கிய குவீ இரண்டுக்கும் நடுவே சுலபமாகத் தாவுவார், எல்லாராலும் அது முடியாது என்பது அதன் சாரம். கட்டுரையும் பளபளப்பான ஆங்கிலத்தில்தான் இருந்தது என்ற குத்தலோடு. சிங்கிலிஷ் நல்ல ஆங்கிலத்தைக் கெடுக்கும் என்று அதில் சொன்னதை நான் ஏற்கவில்லை. குத்தலை மட்டும் என்னால் தள்ள முடியவில்லை. மணியம் பேராசிரியராக இருந்தவர். சமரசன் அமெரிக்காவில் படித்தவர். உடைந்த ஆங்கிலத்தை இலக்கியமாக்க உடையாத ஆங்கிலம் முதலில் கையில் இருக்க வேண்டியிருக்கிறது. உள்ளூர்ப் பட்டத்தோடு நான் போன முதல் நேர்முகத் தேர்வில், நான் சொன்ன வாக்கியத்தை ஒருவர் என் உச்சரிப்பிலேயே திருப்பிச் சொல்லிப் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துப் புன்னகைத்தார். அவரிடம் கச்ருவின் வட்டங்களை வரைந்து காட்டியா வேலை வாங்கியிருக்க முடியும்?

அதனால் அவளிடம் நடுவழியாக ஒன்றைச் சொன்னேன். கதை எழுது. கதைசொல்லி பரீட்சை ஆங்கிலத்தில் பேசட்டும். மேற்கோள் குறிக்குள் வருகிறவர்கள் அவரவர் பாட்டுக்குப் பேசட்டும்.

இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள். விடியற்காலை நாலரை மணி, காஸ்வேயில் மழை, ஆயிரக்கணக்கான மோட்டார்கள், ரெயின்கோட்டுக்குள் நனையாமல் வைத்த கடப்பிதழ். சிவப்புப் பேனாவோடு படித்தேன். காலங்கள் சில இடங்களில் தவறு, திருத்தினேன். முன்னிடைச் சொற்களைத் திருத்தினேன். கடைசிப் பத்தியில் அப்பா முதலாளிக்குப் போன் செய்கிறார். கை நிற்கவில்லை. 'ஆல்ரெடி'யை அடித்து, மேலே 'ஹேவ்' என்று எழுதிவிட்டேன்.

"அண்ணே," என்றாள், தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு. "அது அப்பா பேசுறது."