கண்ணாடித் தோல்: ஆழம் இழந்த மேற்பரப்பு பற்றி

தோலைப் பற்றி எழுதுகிறேன் என்றதும் நண்பர் ஒருவர் சிரித்தார். "வேற வேலை இல்லையா ஒமக்கு?" என்றார். சாதி, மொழி, உற்பத்தி உறவுகள் என்று பேசுகிற இடத்தில் முகக் களிம்புக்கு என்ன வேலை என்பது அவர் கேள்வி. 2024இல் தென்கொரியா ஏற்றுமதி செய்த அழகுசாதனப் பொருட்களின் மதிப்பு ஆயிரம் கோடி டாலரைத் தாண்டியது. காசு கொடுத்து வாங்கிய அத்தனை பேரும் ஏமாளிகள் என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ள என்னால் முடியவில்லை. அந்தக் கூட்டத்தில் என் அக்கா மகளும் இருக்கிறாள். அவள் வாங்கிக் கொடுத்த சன்ஸ்கிரீனைத் தினமும் பூசிக்கொண்டு கிளம்புகிற நானும் இருக்கிறேன்.

1957இல் வெளியான 'மித்தாலஜீஸ்' நூலில் ரோலான் பார்த், முகக்கிரீம் விளம்பரங்களைப் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதியிருக்கிறார். தோலுக்கு ஓர் ஆழம் உண்டு, அந்த ஆழத்துக்குள் நீரும் கொழுப்பும் இறங்கி ஊட்டம் தரும் என்ற கற்பனையை அந்த விளம்பரங்கள் எப்படிக் கட்டுகின்றன என்று காட்டுவார். கொரியர்கள் இந்த ஆழத்தைக் கைவிடவில்லை. சீரமும் எசன்ஸும் நத்தைக் கசிவும் உள்ளே இறங்குவதாகத்தான் இன்றும் சொல்லப்படுகிறது. ஆனால் இலக்கு மாறிவிட்டது. 2017 வாக்கில் உலகெங்கும் பரவிய 'கண்ணாடித் தோல்' என்ற சொல்லைக் கவனியுங்கள். கண்ணாடிக்கு ஆழம் இல்லை. மறைக்க என்னிடம் எதுவுமில்லை என்று அறிவிக்கும் மேற்பரப்பு அது. பவுடர் மறைக்கும், அதனால் பவுடர் பொய். தோல் பராமரிப்போ உண்மையின் பெயரால் பேசுகிறது. நான் தூங்குகிறேன், தண்ணீர் குடிக்கிறேன், ஒழுங்காக வாழ்கிறேன் என்ற வாக்குமூலத்தை முகமே கொடுத்தாக வேண்டும். ஃபூக்கோ இருந்திருந்தால் இந்தக் குளியலறை அலமாரிக்கு ஒரு அத்தியாயம் ஒதுக்கியிருப்பார் என்று தோன்றுகிறது.

இதைக் 'கீழைத்தேய ஞானம்' என்று விற்கிறார்கள். அதை நம்ப வேண்டியதில்லை. இன்றைய அமோர்பசிபிக் நிறுவனம் 1945இல் தொடங்கியது. நிறுவனரின் தாய் அதற்கு முன்பே கேசோங் நகரில் கமேலியா எண்ணெய் விற்றவர். அந்த வியாபாரம் தொழிலாகப் பெருகியதற்குப் பின்னால் அரசு இருந்தது. 1961இல் ராணுவ ஆட்சி அந்நியச் சரக்கு விற்பனையைத் தடைசெய்யும் சட்டம் கொண்டுவந்தது. அமெரிக்க முகாம்களிலிருந்து கள்ளத்தனமாக வந்துகொண்டிருந்த பூச்சுகளின் இடத்தை உள்ளூர்ப் பண்டம் பிடித்தது. 1964 முதல் பெண்கள் வீடுவீடாகப் போய் விற்றார்கள். 1997 நெருக்கடியில் (கொரியர்கள் அதை 'ஐஎம்எஃப்' என்றே அழைக்கிறார்கள்) நடுத்தர வர்க்கத்தின் மடி காலியானது. 2000இல் வந்த மிஷா 3,300 வோனுக்குப் பொருள் விற்றது. 90களின் தொடக்கத்தில் எழுந்த கோல்மார் கொரியா, காஸ்மாக்ஸ் போன்ற ஒப்பந்த ஆலைகள் அந்நியக் கம்பெனிகளுக்கும் சேர்த்துத் தயாரித்துக் கொடுக்கின்றன. பிரெஞ்சுப் பெயர் போட்ட டப்பாவுக்குள்ளும் கொரியச் சரக்கு இருக்கலாம். புகழ்பெற்ற அந்தப் 'பத்துப் படி'யையும் உலகத்துக்குப் பரப்பியது அமெரிக்கச் சந்தைதான். 2012இல் அங்கே தொடங்கிய சோகோ க்ளாம் கடைக்கு அதில் பெரும் பங்கு. சியோலில் வேலைக்குப் போகிற எல்லாப் பெண்களும் பத்துப் படி ஏறிக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொள்வது நம்முடைய கீழைத்தேயவாதம்.

என்னை அதிகம் தொந்தரவு செய்வது 'மிபேக்' என்ற சொல். அழகு, வெண்மை என்ற இரண்டு எழுத்துகள் சேர்ந்தது. 2000இல் நடைமுறைக்கு வந்த கொரிய அழகுசாதனச் சட்டத்தில், செயல்திறன் கொண்ட பொருட்களுள் ஒரு வகையாக அது அங்கீகரிக்கப்பட்டிருக்கிறது. வெண்மை அங்கே வெள்ளைக்காரன் கொண்டுபோனதும் இல்லை. வயல் வெயிலில் நிற்கத் தேவையில்லாத வர்க்கத்தின் அடையாளம் அது. ஏற்றுமதிப் பெட்டியில் ஏறும்போது அதே சொல் 'பிரைட்டனிங்' ஆகிவிடுகிறது. இங்கே 2020இல் 'ஃபேர்' என்பது 'க்ளோ' ஆனதே, அதுபோலத்தான். நிறம் போய் ஒளி வந்துவிட்டது என்கிறார்கள். ஒளிக்கு நிறம் இல்லையா?

2024இல் டிர்டிர் என்ற கம்பெனியின் குஷன் பூச்சைக் கறுப்பினப் பெண் ஒருவர் கேமரா முன் பூசிக் காட்டினார். இருப்பதிலேயே அடர்ந்த நிறம்கூட அவர் முகத்தில் சாம்பல் படிந்ததுபோல நின்றது. கம்பெனி விழித்துக்கொண்டது. சில மாதங்களில் நிறங்கள் முப்பதாகி, பிறகு நாற்பதாயின. இதை வெற்றி என்று சொல்லத் தயங்குகிறேன். தோல்வி என்று சொல்லவும் மனம் வரவில்லை. மூலதனம் வித்தியாசத்தைக் கொண்டாடியே விழுங்கும் என்று எழுதிவிட்டுப் போவது எனக்கு எளிது. ஆனால் தன் நிறத்துக்கு ஒரு டப்பா இருக்கிறது என்று கண்டவளின் சந்தோஷத்தை எந்தக் கோட்பாட்டால் நான் திருத்துவது?

அக்கா மகள் கறுப்பு. கல்யாணப் பேச்சில் அது எத்தனை முறை வந்தது என்று எனக்குத் தெரியும். அவள் அலமாரியில் கொரிய அரிசி நீர் டோனர் ஒன்று. "அரிசி களைஞ்ச தண்ணிய மாட்டுக்கு ஊத்துவோமேடி, அதையா இத்தனை காசு குடுத்து வாங்கின?" என்றாள் அக்கா. எனக்கும் சிரிப்பு வந்தது. "வெள்ளையாகறதுக்கு இல்ல மாமா. ராத்திரி பத்து நிமிஷம் யாரும் என்னக் கூப்பிட மாட்டாங்க. அதுக்குத்தான்" என்றாள் அவள். அந்தப் பத்து நிமிஷம் ஒழுங்குபடுத்தலா, தப்பித்தலா? நான் படித்த புத்தகங்கள் முதலாவதைச் சொல்கின்றன. அந்த வீட்டில் அவள் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளக்கூடிய ஒரே அறை குளியலறை என்பது அவற்றில் இல்லை.

2018இல் கொரியப் பெண்கள் நடத்திய 'கோர்செட்டைக் கழற்று' இயக்கத்தைப் பற்றி அவளிடம் சொன்னேன். நொறுக்கிய பவுடர் டப்பாக்களையும் உடைத்த உதட்டுச் சாயங்களையும் படமெடுத்துப் போட்டார்கள். முடியை ஒட்ட வெட்டிக்கொண்டார்கள். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது புகைப்படம் ஒட்டுவதே நெடுநாள் வழக்கமாக இருந்த நாடு அது. பொதுத்துறையில்கூட 2017இல்தான் அதை நிறுத்தினார்கள். அங்கே முகத்தை வெறுமையாக விடுவது வயிற்றுப்பாட்டைப் பணயம் வைப்பது. சிலர் ஒரு லோஷனும் உதட்டுத் தைலமும் மட்டும் போதுமென்று நிறுத்திக்கொண்டதாகப் படித்தேன் என்றும் சொன்னேன். கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"எந்த லோஷன் மாமா?"