பசியை அளக்கும் கோல்

வறுமையை அளக்கும் கோல், அளப்போரின் நோக்கையும் புலப்படுத்திவிடுகிறது. 2019ஆம் ஆண்டின் அரசாங்கக் கணிப்பில், இலங்கையில் வறியோர் விகிதம் மிகக் குறைந்த மாவட்டம் கொழும்பே; நூற்றுக்கு 2.3. இக்கணக்கு பொய்யன்று, ஆயின் போதியதுமன்று. மாவட்டச் சராசரியில் வெள்ளவத்தை மாடிவீடும் கொட்டாஞ்சேனைத் தோட்டத்து ஒற்றையறையும் ஒன்றாகிவிடுகின்றன.

இதனினும் பெரிய குறையொன்றுண்டு. வறுமைக்கோடு இன்றைய செலவை அளக்கிறது; நாளைய ஆபத்தை அளப்பதில்லை. உணவு இருந்தும் அதனைப் பெறும் உரித்தை இழந்தோர் பட்டினியுறுவர் என 1981இல் அமர்த்தியா சென் நிறுவினார். புறக்கோட்டையில் நாள்முழுதும் அரிசிமூட்டை சுமப்பவரின் வீட்டிலே அரிசியில்லாமற் போவது இவ்வாறுதான். நகர வறியவருக்குக் காணியில்லை. அரிசியும் எரிபொருளும் அன்றாடக் கூலியிலேயே வரவேண்டும்.

நமது வரலாறும் இதனையே உணர்த்துகிறது. 1942இல் தொடங்கிய பங்கீடு அரிசியை அளவாகக் கொடுத்தது. 1979இல் வந்த உணவு முத்திரையோ பணப்பெறுமதியாகக் கொடுத்தது. விலை ஏறியது, முத்திரையின் பெறுமதி ஏறவில்லை. கையில் முத்திரை இருந்தும் சட்டியில் சோறு குறைந்தது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் நூற்றுக்கு 94.9 ஆயிற்று. முதல்நாள் கோட்டுக்கு மேலிருந்தோர் மறுநாள் ஒருவேளை உணவைக் கைவிட நேர்ந்தது.

எனவே, எத்தனை பேர் வறியோர் என்ற வினா மட்டும் போதாது. வேலை நின்றால் எத்தனை நாளைக்கு அடுப்பு எரியும் என்ற வினாவும் வேண்டும். அதனைக் கேளாத கணிப்பு, பசி வந்தபின்னரே பசியை அறியும்.