இடி உணர்த்திய அறமும் இறைபணி நிற்றலும்

சேர்வராயன் மலையிற் கோடையிடி முழங்குங்கால், காப்பி பூத்தற்குரிய மழை வந்ததென ஏற்காட்டுத் தோட்டக்காரர் மகிழ்வர். மலைவழி நடப்போர் அஞ்சுவர். ஒலி ஒன்றே, கேட்போர் நிலைக்கேற்பப் பொருள் வேறாம். பிருகதாரணியக உபநிடதத்து ஐந்தாம் அத்தியாயம் இவ்வுண்மையை ஒரு கதையான் விளக்கும். பிரசாபதி 'த' என்னும் ஓரெழுத்தையே உபதேசிப்ப, அடங்குக எனத் தேவரும், கொடுக்க என மனிதரும், இரங்குக என அசுரரும் தத்தம் குறை நோக்கி உணர்ந்தனர். இடியொலியும் அவ்வுபதேசமே என்பது அந்நூற் கொள்கை.

அமெரிக்காவிற் பிறந்து, ஹார்வர்டுப் பல்கலைக்கழகத்தில் வடமொழி பயின்ற டி. எஸ். எலியட் என்னும் ஆங்கிலக் கவிஞர், 1922-இல் வெளிவந்த 'பாழ்நிலம்' என்னும் பாட்டின் இறுதிப் பகுதியில் இதனை எடுத்தாண்டார். ஆனால் கொடை, இரக்கம், அடக்கம் என முறையை மாற்றினார். உபநிடத முறையோ திருக்குறளினும் காணப்படும்: அடக்கமுடைமை 13-ஆம் அதிகாரம், ஈகை 23, அருளுடைமை 25. அடங்காதான் கொடை தற்பெருமையாய் முடியுமாதலின், இம்மாற்றம் பிழையென்றே யாம் முன்னர்க் கருதினேம்.

மீண்டும் ஆராயுங்கால் வேறொன்று புலனாயிற்று. அடக்கத்தை விளக்கவந்த புலவர், வல்லான் கைக்கு மகிழ்ந்திணங்கும் படகினைக் காட்டி, அழைக்கப்பட்டிருப்பின் உள்ளமும் அவ்வாறே இணங்கியிருக்கும் என்கின்றார். புலனொடுக்கமாகிய தொடக்கநிலை அடக்கமன்று இது. தன்செயலற்றுப் பிறிதொரு கைவழி நிற்றலாம். சிவஞானபோதப் பத்தாஞ் சூத்திரம் கூறும் இறைபணி நிற்றலுக்கு இஃது அணித்து. அத்தகைய அடக்கம் ஈற்றில் நிற்றலே முறை.

எனினும், உள்ளம் இணங்கிற்று என அவர் கூறினாரல்லர். குறை யாண்டையது? உபநிடதத்தில் மாணாக்கர் பிரமசரியம் காத்து ஆசிரியன்பால் வைகினர். அவர் பொருளுணர்ந்தமையை அவன் ஆமென உடன்பட்டனன். பாட்டிலோ இடியுண்டு, ஆசிரியன் இலன். உயிர்க்குயிராய் நின்ற இறைவனே குருவாய் எழுந்தருளி உணர்த்துவன் என்னும் எட்டாஞ் சூத்திரப் பொருள் ஆண்டில்லை. அதனால், அறம் இன்னதென அறிந்தும் அதன்கண் நிற்கமாட்டாத உயிரின் தவிப்பாகவே அப்பாட்டு முடிகின்றது.

அதுபற்றி அதனை இகழ்தல் நமக்குத் தகாது. குருமரபும் திருமுறையும் வாய்க்கப்பெற்றும் அடங்காத நெஞ்சினேமாகிய நாம், அத்தவிப்பையேனும் உடையமோ என்று நம்மை வினவிக்கோடலே கடன்.