ஜாங்கோ பயிற்சிக் கையேடு: ஒரு மதிப்பீடு

ஜாங்கோ என்பது பைத்தான் மொழியில் வலைத்தளம் அமைக்க உதவும் கட்டற்ற மென்பொருள். 2005 இல் பொதுவெளிக்கு வந்தது. அதன் ஆவணங்களில் புதியவர்களுக்கென உள்ளது, ஒரு வாக்கெடுப்புச் செயலியைப் படிப்படியாக உருவாக்கச் செய்யும் பயிற்சிக் கையேடு.

கற்பவர் எந்த இடத்தில் மிரளுவார் என்பதை இக்கையேடு அறிந்திருக்கிறது. ஜாங்கோ நிறுவப்பட்டிருந்தால் பதிப்பு எண் தெரியும், இல்லையெனில் இன்ன பிழைச்செய்தி வரும் என்று இரண்டையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. வழங்கியை முதன்முறை இயக்கும்போது தரவுத்தளம் பற்றிய எச்சரிக்கை ஒன்று திரையில் தோன்றும். இப்போதைக்கு அதைப் பொருட்படுத்த வேண்டாம், தரவுத்தளத்தைப் பிறகு கவனிக்கலாம் என்கிறது கையேடு. இந்த ஒரு வரி இல்லாவிட்டால், தாம் ஏதோ தவறு செய்துவிட்டதாக எண்ணிக் கற்பவர் அங்கேயே நிறுத்திவிடக்கூடும். கரும்பலகையை மட்டும் பார்த்துப் பாடம் நடத்துபவருக்கு இப்படி எழுத வராது.

நான்காம் பகுதியில், முன்பு நீளமாக எழுதவைத்த நிரலை நீக்கிச் சுருக்கமாக எழுதச் சொல்கிறது. சலிப்புத் தந்தாலும் சரியான முறைதான். ஐந்தாம் பகுதியில் நடை மாறுகிறது. தானியங்கிச் சோதனை ஏன் தேவை என்ற விளக்கம் நீண்டுகொண்டே போக, கற்பவரின் கைக்கு வேலையில்லை.

பெரிய குறை வேறு. இரண்டாம் பகுதியிலேயே பைத்தானின் ‘வகுப்பு’ வந்துவிடுகிறது. அது என்னவென்று கையேடு கற்பிப்பதில்லை. பைத்தானுக்குப் புதியவர் அங்கேயே நின்றுவிடுவார்.