மருத்துவராக விரும்புவோருக்கு ஏன் ஒரு வாசிப்புத் தேர்வு?

மருத்துவக் கல்லூரியில் சேர விரும்பும் மாணவர் என்னென்ன படிக்க வேண்டும் என்று கேட்டால், உயிரியல், வேதியியல், இயற்பியல் என்று யாரும் தயங்காமல் சொல்லிவிடுவார்கள். நம் நாட்டு நீட் தேர்வில் இம்மூன்றும்தான் இருக்கின்றன. ஆனால் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மருத்துவம் படிக்க விரும்புவோர் எழுதும் எம்கேட் என்னும் நுழைவுத் தேர்வின் நான்கு பிரிவுகளுள் ஒன்றில் விஞ்ஞானமே கிடையாது. ஓவியம், தத்துவம், வரலாறு, சமூகவியல் போன்ற துறைகளிலிருந்து எடுத்த உரைப்பகுதிகளைக் கொடுத்து, அவற்றைப் படித்து விடை எழுதச் சொல்கிறார்கள். மற்றப் பிரிவுகளில் நன்றாக மதிப்பெண் பெறும் மாணவர்கள் பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். இந்தப் பிரிவையும், இதற்குத் தயார் செய்வதற்கென்று சொல்லப்படும் வழிகளையும் சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

தேர்வு வந்த வழி

1920களில் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் சேர்ந்தவர்களுள் பலர் படிப்பை முடிக்காமல் விலகினர். இந்த இழப்பு கல்லூரிக்குக் கல்லூரி 5 விழுக்காட்டிலிருந்து 50 விழுக்காடு வரை இருந்தது. தகுதியானவர்களை முன்கூட்டியே கண்டறிய வேண்டும் என்று ஃப்ரெட் மாஸ் என்பவரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1928-இல் ஒரு தேர்வை உருவாக்கினர். அதுவே பல மாற்றங்களுக்குப் பின் 1948-இல் இன்றைய பெயரைப் பெற்றது. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கம் இதை நடத்துகிறது.

இத்தேர்வில் ஒரு காலத்தில் பொது அறிவு வினாக்களும் இருந்தன. 1977-இல் அவை நீக்கப்பட்டன. 1991-இல் சொல்வழி ஆய்வு என்னும் தனிப் பிரிவு வந்தது. 2015-இல் அது திருத்தி அமைக்கப்பட்டு இன்றைய உருவை அடைந்தது. இந்த மாற்றங்களுக்குப் பின்னே ஒரு நியாயம் தெரிகிறது. பொது அறிவு என்பது பெரும்பாலும் ஒருவர் வளர்ந்த வீட்டைப் பொறுத்தது. ஓர் உரைப்பகுதியோ எல்லோர் முன்னும் ஒரே மாதிரி வைக்கப்படுகிறது. விடைக்கு வேண்டியது முழுவதும் அதற்குள்ளேயே இருக்கிறது. வெளியறிவு தேவையில்லை என்பது இப்பிரிவின் முதல் விதி.

வேகம்தான் வழியா?

இப்பிரிவில் 9 உரைப்பகுதிகள், 53 வினாக்கள், 90 நிமிடம். ஒவ்வோர் உரைப்பகுதியும் ஏறத்தாழ 500 முதல் 600 சொற்கள். ஒவ்வொரு வினாவுக்கும் நான்கு விடைகள் தரப்பட்டிருக்கும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படுவதில்லை.

இந்த எண்களைப் பார்த்ததும் மாணவர் மனத்தில் தோன்றுவது, வேகமாகப் படிக்கப் பழக வேண்டும் என்பதே. வேக வாசிப்புப் பயிற்சிக்குப் பணம் கட்டுவோரும் உண்டு. இது சரிதானா என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஆங்கிலத்தில் பழகிய ஒருவர் மனத்துக்குள் படிக்கும்போது நிமிடத்துக்குச் சுமார் 240 சொற்கள் படிக்கிறார். 600 சொல் உரைப்பகுதிக்கு இரண்டரை நிமிடம் ஆகும். ஒன்பதுக்கும் சேர்த்து இருபத்திரண்டரை நிமிடம். மீதியுள்ள அறுபத்தேழரை நிமிடத்தை 53 வினாக்களுக்குப் பகிர்ந்தால் வினாவுக்கு 76 வினாடி கிடைக்கிறது. இப்போது அவர் தம் வேகத்தை இரு மடங்காக்கிக் கொண்டார் என்று வைத்துக்கொள்வோம். மிச்சமாவது எவ்வளவு? வினாவுக்கு 13 வினாடி கூட இல்லை!

இந்தப் 13 வினாடிக்கு அவர் கொடுக்கும் விலை என்ன? நம் கண் வரியின் மீது வழுக்கிக்கொண்டு போவதில்லை. தாவித் தாவிச் செல்கிறது. ஒவ்வோர் இடத்திலும் சுமார் கால் வினாடி நிற்கிறது. அப்போது விழித்திரையின் மையக்குழியில் விழும் சில எழுத்துகளே தெளிவாகத் தெரியும். பக்கம் முழுவதையும் ஒரே பார்வையில் விழுங்க முடியும் என்ற வாக்குறுதியைக் கண்ணின் அமைப்பே மறுக்கிறது. வேக வாசிப்பைப் பற்றிய ஆய்வுகளைக் கீத் ரேனரும் வேறு சிலரும் தொகுத்து மதிப்பிட்டு 2016-இல் வெளியிட்ட கட்டுரையின் முடிவும் இதுவே. வேகம் கூடும்போது புரிதல் குறைகிறது. இரண்டையும் ஒருசேரப் பெறக் குறுக்கு வழி இல்லை.

எல்லாத் தேர்வுக்கும் இக்கணக்கு பொருந்தும் என்று எண்ணிவிடக் கூடாது. பிரிட்டனில் மருத்துவம் படிக்க விரும்புவோர் எழுதும் யூகேட் தேர்வின் சொல்வழிப் பிரிவில், 2025-இல் 11 உரைப்பகுதிகளும் 44 வினாக்களும் 22 நிமிடத்தில் முடிக்கப்பட வேண்டியிருந்தன. உரைப்பகுதி 300 சொல் என்று வைத்துக்கொண்டால், படிக்க மட்டுமே 14 நிமிடம் போய்விடும். அங்கே வேண்டிய இடத்தைத் தேடிப் பிடிக்கும் திறமை அவசியமாகிறது. ஒரு தேர்வுக்கு உரிய யோசனையை மற்றொன்றுக்கு அப்படியே எடுத்துக்கொள்வது, ஒரு நோய்க்கு எழுதிய மருந்தை வேறு நோய்க்குச் சாப்பிடுவதைப் போன்றது.

தடுமாற்றம் எங்கே?

படிப்பதற்கு ஆவது மொத்த நேரத்தில் கால் பங்குதான் என்றால் மாணவர் எங்கே தவறுகிறார்? ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். தேர்வு ஆங்கிலத்தில்தான் நடக்கிறது. அதன் போக்கு விளங்குவதற்காக நாமே தமிழில் ஒரு சிறு பகுதியை அமைத்துக்கொள்வோம்.

"ஒரு பொருளைக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்த அன்றே அது தன் வேலையை இழந்துவிடுகிறது. கோயில் விளக்கு ஏற்றப்படுவதற்காக வார்க்கப்பட்டது. காட்சியகத்தில் அதன் மீது மின்விளக்கின் ஒளி விழுகிறது. பார்ப்பவர் அதன் வேலைப்பாட்டை வியக்கிறார். அந்த வியப்பு பொய்யன்று. ஆனால் விளக்கை வார்த்தவர் எதிர்பார்த்த வியப்பு அதுவன்று."

வினா: இதை எழுதியவர் பின்வருவனவற்றுள் எதை ஒப்புக்கொள்வார்?

1. காட்சியகங்கள் மூடப்பட வேண்டும்.
2. காட்சியகத்தில் வைப்பதால் பழைய உலோகப் பொருள்கள் கெடாமல் காக்கப்படுகின்றன.
3. காட்சியகத்தில் ஒரு பொருளை ரசிப்பவர், அது எதற்காகச் செய்யப்பட்டதோ அதைத் தவறவிடக்கூடும்.
4. காட்சியகத்துக்கு வருவோர் வியப்பது வெறும் பாவனை.

முதல் விடை, எழுதியவரைவிட இரண்டடி முன்னால் ஓடுகிறது. அவர் ஒரு குறையைச் சொன்னார்; மூடச் சொல்லவில்லை. நான்காவது, வியப்பு பொய்யன்று என்று அவர் கூறியதற்கு நேர்மாறானது. அவசரமாகப் படிப்பவர் அந்த ஒரு வாக்கியத்தைத் தாண்டிவிட்டு இதில் விழுவார். மூன்றாவதே சரி.

நாம் கவனிக்க வேண்டியது இரண்டாவது விடையை. விஞ்ஞான மாணவரைப் பிடிக்கும் பொறி இதுதான். அந்தக் கூற்று பொதுவாக உண்மையே. காற்றும் ஈரமும் படாவிட்டால் உலோகம் நிலைக்கும் என்பது அவருக்குத் தெரியும். "உண்மைதானே, இதில் என்ன தவறு?" என்று அதைக் குறித்துவிடுவார். ஆனால் உண்மை எது என்று வினா கேட்கவில்லை. எழுதியவர் எதை ஒப்புக்கொள்வார் என்றுதான் கேட்டது. அவரோ உலோகம் கெடுவதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. தாம் அறிந்ததை அவர் வாயில் போட்டுவிட்டார் நம் மாணவர்.

இன்னொரு வகை வினாவும் உண்டு. அந்தக் காட்சியகத்தில் ஆண்டுக்கு ஒரு நாள் விளக்கை ஏற்றி வைக்கிறார்கள் என்றால், எழுதியவரின் குறை வலுக்குமா, தளருமா? உரைப்பகுதியில் இல்லாத புதுச் செய்தியைக் கொடுத்து, எழுதியவரின் கருத்தை அதன்மேல் பொருத்திப் பார்க்கச் சொல்கிறார்கள். விளக்கு தன் வேலையை ஒரு நாளேனும் திரும்பப் பெறுவதால் குறை தளரும். இப்பிரிவின் வினாக்களில் 40 விழுக்காடு இவ்வாறு உரைக்கு அப்பால் செல்பவை. வேகமாகப் படித்து இதற்கு விடை காண முடியாது. எழுதியவர் எதற்காக அப்படிச் சொன்னார் என்பது விளங்கியிருக்க வேண்டும்.

சொல்லப்படும் யோசனைகள்

வினாக்களை முதலில் படித்துவிட்டு உரைக்குச் செல்லுங்கள் என்பது பலர் தரும் யோசனை. செய்தியைத் தேடி எடுக்கும் வினாவாக இருந்தால் இது உதவும். இங்கே பெரும்பாலான வினாக்கள் முழு உரையின் போக்கைப் பற்றியவை. ஆறு வினாக்களை மனத்தில் சுமந்துகொண்டு படிப்பவர் உரையைப் படிப்பதில்லை, துண்டுகளைத் துழாவுகிறார்.

'எப்போதும்', 'ஒருபோதும்' போன்ற அழுத்தமான சொற்கள் உள்ள விடைகளைத் தள்ளிவிடுங்கள் என்பது மற்றொன்று. பல சமயம் இது பலிக்கும். ஆனால் எழுதியவரே அழுத்தமாகப் பேசுபவராக இருந்தால், அழுத்தமான விடைதானே சரியாகும்? சொல்லைப் பார்த்துத் தள்ளாமல் உரையோடு ஒப்பிட்டுத் தள்ள வேண்டும்.

பயன்படும் பயிற்சி எளிமையானது. மெதுவானது என்பதால்தான் விளம்பரம் இல்லை. வரலாறு, கலை, தத்துவம் என்று தமக்குப் பழக்கமில்லாத துறைகளில் நாள்தோறும் ஒரு கட்டுரையாவது படிக்க வேண்டும். படித்து முடித்ததும் மூடி வைத்துவிட்டு, எழுதியவர் என்ன சொல்ல வந்தார் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பார்க்க வேண்டும். முதல் சில வாரங்கள் கடிகாரத்தைப் பார்க்கவே வேண்டாம். பின்னர்த் தேர்வை நடத்தும் சங்கமே வெளியிட்டுள்ள மாதிரி வினாக்களை எடுத்து நேரம் வைத்துச் செய்யலாம். தவறிய ஒவ்வொரு வினாவுக்கும் ஒரு குறிப்பேட்டில் காரணம் எழுத வேண்டும். எல்லை தாண்டினேனா, தலைகீழாக எடுத்துக்கொண்டேனா, என் அறிவைக் கலந்துவிட்டேனா? பத்து நாளில் தம் நோய் எது என்பது மாணவருக்கே தெரிந்துவிடும்.

தேர்வின் குறைகள்

இனித் தேர்வைப் பற்றி இரண்டு சொல்ல வேண்டும். உரைப்பகுதி எல்லோருக்கும் பொது என்றோம். அது பாதி உண்மையே. வீட்டில் வேறு மொழி பேசி, பள்ளியில் ஆங்கிலம் கற்றவர் நிமிடத்துக்கு 150 சொல் படிக்கிறார் என்று கொள்வோம். ஒன்பது உரைப்பகுதிக்கு அவருக்கு 36 நிமிடம் வேண்டும். வினாவுக்கு மிஞ்சுவது 61 வினாடி. அருகில் இருப்பவருக்கோ 76. கருத்தை உணர்வதில் அவர் சற்றும் குறைந்தவர் அல்லர். ஆயினும் ஒவ்வொரு வினாவிலும் 15 வினாடியை இழக்கிறார். பொது அறிவு வினாக்களை நீக்கியபோது வெளியே அனுப்பிய வீட்டு வேற்றுமை, கடிகாரத்தின் வழியாக மீண்டும் உள்ளே வந்துவிட்டது. நேரத்தைக் கொஞ்சம் தளர்த்தினால் தேர்வு எதை அளக்க விரும்புகிறதோ அதை இன்னும் சரியாக அளக்கும்.

இரண்டாவது குறை, மாணவர் தம் சொந்த வாக்கியம் ஒன்றைக்கூட எழுதுவதில்லை. 1991 முதல் இத்தேர்வில் கட்டுரை எழுதும் பிரிவு ஒன்று இருந்தது. 2013-இல் அதை நீக்கிவிட்டார்கள். பிறர் சொன்னதைப் புரிந்துகொள்வது மருத்துவருக்கு வேண்டியதுதான். புரிந்துகொண்டதை நோயாளிக்கு விளங்கும்படி எடுத்துச் சொல்வதும் அவருக்கு வேண்டும் அல்லவா?

நோயாளியும் ஓர் உரைப்பகுதியே

இத்தனை குறை இருந்தும் இப்பிரிவு வேண்டும் என்றே நாம் கருதுகிறோம். காரணம் மருத்துவமனையில் இருக்கிறது. ஹோவர்ட் பெக்மன், ரிச்சர்ட் ஃபிராங்கல் என்னும் இருவர் 74 மருத்துவச் சந்திப்புகளின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்து 1984-இல் முடிவை வெளியிட்டனர். நோயாளி தம் குறையைத் தொடக்கத்தில் முழுதாகச் சொல்லி முடித்தது 23 விழுக்காட்டுச் சந்திப்புகளில் மட்டுமே. மற்றவற்றுள் பெரும்பாலானவற்றில் மருத்துவர் சராசரியாக 18 வினாடியிலேயே குறுக்கிட்டுவிட்டார்.

அந்த மருத்துவர்கள் அறிவில் குறைந்தவர்கள் அல்லர். அறிவு மிகுதியாக இருந்ததாலேயே, முதல் சில சொற்களைக் கேட்டவுடன் மீதியைத் தாமே நிரப்பிக்கொண்டார்கள் எனலாம். "நெஞ்சு கனக்கிறது" என்று ஒரு மூதாட்டி தொடங்கினால், இதயமா, நுரையீரலா, இரைப்பையா என்று மருத்துவர் மனம் ஓடத் தொடங்கிவிடுகிறது. "மகன் ஊருக்குப் போனதிலிருந்து" என்ற அடுத்த சொல் காதில் விழுவதில்லை. விளக்கைப் பற்றிய வினாவில் இரண்டாவது விடையைக் குறித்த மாணவர் செய்ததும் இதுவேயன்றோ?

ஆகவே, இப்பிரிவை மதிப்பெண்ணுக்கு இடப்பட்ட முட்டுக்கட்டையாக எண்ணிக் குறுக்கு வழி தேடுவோர் மதிப்பெண்ணையும் இழப்பர். அது கற்பிக்க வந்த பழக்கத்தையும் இழப்பர். நாம் எம்கேட் எழுதப் போவதில்லை என்று இதைத் தள்ளிவிடவும் வேண்டாம். ஒரு கட்டுரையைப் படித்து மூடியபின், எழுதியவர் சொன்னது எது, நாமே சேர்த்துக்கொண்டது எது என்று பிரித்துப் பார்ப்பதற்கு நுழைவுச் சீட்டு தேவையில்லை. வாசகர்கள் இந்தக் கட்டுரையிலிருந்தே தொடங்கலாம்.