பன்னிரண்டாவது கோப்பைக்குத்தான் காசு

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து பத்திப் பேச்சு வந்தா ஒரு வாதம் தவறாம வரும். ஆண்கள் அணி சம்பாதிக்குது, அந்தக் காசுல பெண்கள் அணி ஓடுது. இதை உரசிப் பார்க்க கனெக்டிகட் பல்கலைக்கழகத்தை விட நல்ல இடம் கிடையாது. எல்லாரும் யூகான்னு சொல்றது இதைத்தான். இங்கே இரண்டு அணியுமே பெரிய அணி. 2004-ல் இரண்டும் அடுத்தடுத்த நாளில் தேசியக் கோப்பை வாங்கின. 2014-ல் அதே கதை மறுபடியும். 2025 வரைக்குமான கணக்கில் ஆண்களுக்கு 6 கோப்பை, பெண்களுக்கு 12.

அந்த 12-ல் முதல் பதினொன்றுக்கு என்சிஏஏ போட்டி நிதியிலிருந்து வந்த தொகை பூஜ்யம்.

இது எப்படி? ஆண்கள் தேசியப் போட்டியில் இறுதி ஆட்டம் தவிர, ஆடுகிற ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு 'யூனிட்' உண்டு. அந்தப் பணம் அணி சேர்ந்திருக்கும் கான்ஃபரன்ஸுக்கு ஆறு வருஷத்தில் பிரித்துப் போகும். சமீபக் கணக்கில் ஒரு யூனிட்டுக்கு மொத்தம் சுமார் 20 லட்சம் டாலர். இந்த நிதி 1991-லிருந்து இருக்கு. பெண்கள் போட்டிக்கு இப்படி ஒன்று வேண்டும் என்று ஓட்டெடுத்தது 2025 ஜனவரியில். நடுவிலே 34 வருஷம். பெண்கள் அணி எத்தனை ஆட்டம் ஜெயித்தாலும் வரவுப் பக்கத்தில் எழுத ஒரு வரியே கிடையாது. அப்புறம் அந்தப் பக்கத்தைக் காட்டியே "பாருங்க, வரவு இல்லை" என்கிறார்கள்!

டிவி உரிமையிலும் இதே கூத்து. ஆண்கள் போட்டி தனியாக, பல நூறு கோடி டாலருக்கு விற்கப்பட்டது. பெண்கள் போட்டியை மற்ற விளையாட்டுகளின் சாம்பியன்ஷிப் போட்டிகளோடு ஒரே மூட்டையாகக் கட்டி இஎஸ்பிஎன்-க்குக் கொடுத்தார்கள். 2021-ல் ஆண்களுக்கு ஒரு பெரிய எடைப்பயிற்சிக் கூடமும் பெண்களுக்கு ஒரு சின்ன அடுக்கு டம்பெல்லும் கொடுத்த வீடியோ பரவி மானம் போனபின், என்சிஏஏ ஒரு வழக்கறிஞர் நிறுவனத்தை வைத்து ஆய்வு செய்தது. பெண்கள் போட்டியைத் தனியாக விற்றால் 2025-ல் வருஷத்துக்கு 8.1 முதல் 11.2 கோடி டாலர் வரும் என்றது அந்த அறிக்கை. 2024-ல் புது ஒப்பந்தம் போட்டார்கள். மறுபடி மூட்டைதான். அதில் பெண்கள் போட்டியின் மதிப்பு என்று அவர்களே சொன்னது 6.5 கோடி.

பார்க்க ஆளில்லையோ? யூகான் பெண்கள் ஆட்டத்தை 1994 முதல் 2012 வரை கனெக்டிகட் பொதுத் தொலைக்காட்சி ஒளிபரப்பியது. காய்கறி வெட்டக் கற்றுத்தரும் மாதிரிச் சேனலில் கூடைப்பந்து, அதுவும் மாநிலமே உட்கார்ந்து பார்த்தது. இன்னும் கூர்மையான சான்று 2024-ல் இருக்கு. யூகான் ஆண்கள் பர்டூவைத் தோற்கடித்த இறுதி ஆட்டத்தைப் பார்த்தவர்கள் சுமார் 1.48 கோடி. அதே வாரம் யூகான் பெண்கள் அயோவாவிடம் 71-69 என்று தோற்ற *அரையிறுதியை* பார்த்தவர்கள் சுமார் 1.42 கோடி. அயோவாவின் கெய்ட்லின் கிளார்க்குக்காக வந்த கூட்டம் என்பீர்கள். உண்மைதான். ஆனா நட்சத்திரத்துக்காகக் கூட்டம் வருவது ஆண்கள் ஆட்டத்தில் மட்டும் குறையாகத் தெரியறதில்லையே.

அந்த வருஷக் கோடையில் பல்கலைக்கழகம் இரண்டு பயிற்சியாளர்களுக்கும் ஒப்பந்தத்தை நீட்டியது. தொடர்ந்து இரண்டு கோப்பை வாங்கிய டான் ஹர்லிக்கு ஆறு வருஷத்துக்கு 5 கோடி டாலர். 1985 முதல் அங்கேயே இருந்து 11 கோப்பை வாங்கிய ஜீனோ ஆரியெம்மாவுக்கு ஐந்து வருஷத்துக்கு 1.87 கோடி. ஹர்லியை லேக்கர்ஸ் அணி கூப்பிட்டது, விட்டால் போயிருப்பார், அதனால் கொடுத்தார்கள். சந்தை விலை என்ற அந்தப் பதிலை நான் ஒதுக்கித் தள்ளவில்லை. இதில் பல்கலைக்கழகத்தை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. ஆனால் சந்தை என்று நாம் சொல்வதில் பாதி, என்சிஏஏ அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதிய விதி. ஒரு ஆட்டத்துக்கு யூனிட் உண்டு, இன்னொன்றுக்கு இல்லை என்று யாரோ எழுதினார்கள். முப்பது வருஷம் கழித்து அதன் விளைவை இயற்கை மாதிரி காட்டுகிறார்கள்.

ஆரியெம்மாவின் அணியும் வசதியான அணிதான், பரிதாபப்பட ஒன்றுமில்லை. அடிபட்டது பேர் தெரியாத கல்லூரிகள். சின்ன கான்ஃபரன்ஸிலிருந்து ஒரு பெண்கள் அணி தேசியப் போட்டிக்குள் வந்து ஒரு பெரிய அணியைச் சாய்த்தால், ஊர் திரும்பும்போது கையில் புகைப்படம்தான் இருக்கும். அதே வேலையைச் செய்த ஆண்கள் அணி தன் கான்ஃபரன்ஸுக்கு ஆறு வருஷ வருமானம் கொண்டுவரும். அடுத்த பயிற்சியாளரை எந்த அணிக்கு நல்ல சம்பளத்தில் எடுப்பார்கள் என்று சொல்லணுமா?

2025 ஏப்ரல் 6, டாம்பா. யூகான் பெண்கள் சௌத் கரோலினாவை 82-59 என்று வீழ்த்தி 12-வது கோப்பையை எடுத்தார்கள். யூனிட் கணக்கு ஓடிய முதல் பெண்கள் போட்டி அதுதான். அந்த வருஷம் ஆண்கள் அணி இரண்டாம் சுற்றிலேயே ஃப்ளோரிடாவிடம் தோற்று வெளியே. பெண்கள் நிதியின் முதல் தவணை, எல்லாக் கான்ஃபரன்ஸுக்கும் சேர்த்து, 1.5 கோடி டாலர். ஆண்கள் பக்கம் வருஷத்துக்குச் சுமார் 17 கோடி.