கொடியது கடலா?

நிக்கோலஸ் மான்சரட் எழுதி 1951இல் வெளிவந்த ஆங்கில நாவல் 'தி குரூயல் சீ'. 'கொடிய கடல்' என்பது அத்தலைப்பின் பொருள். இரண்டாம் உலகப் போரில் அட்லாண்டிக்கைக் கடந்த வணிகக் கப்பல் அணிகளையும், அவற்றை வேட்டையாடிய ஜெர்மானிய நீர்மூழ்கிகளையும் பற்றியது கதை. ஆசிரியர் காவற் கப்பல்களில் அதிகாரியாகப் பணியாற்றியவர். ஆகவே குளிரும் உறக்கமின்மையும் ஓயாத காத்திருப்பும் இந்நூலில் மெய்யாகவே நம்மைத் தீண்டுகின்றன. வெற்று வீரப் பேச்சு இல்லை. இவை இதன் சிறப்புகள்.

ஆனால் தலைப்பை ஏற்க மனம் ஒப்பவில்லை. அதற்குக் காரணம் நூலுக்குள்ளேயே இருக்கிறது.

1941ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்றைக் காண்போம். மூழ்கிப்போன வணிகக் கப்பலின் மாலுமிகள் நீரில் தத்தளிக்கின்றனர். அவர்களுக்கு நேர் கீழே நீர்மூழ்கி இருப்பதாகக் காவற் கப்பலின் ஒலியலைக் கருவி காட்டுகிறது. மாலுமிகளை மீட்பதா? எஞ்சிய கப்பல்களைக் காக்க நீர்மூழ்கியைத் தாக்குவதா? கப்பல் தலைவர் எரிக்சன் ஆழ்குண்டுகளை வீசச் செய்கிறார். தம்மை மீட்க வருகிறார்கள் என்று நம்பியிருந்தவர்கள் மாண்டனர். நீர்மூழ்கி அழிந்ததற்கோ அடையாளம் ஒன்றுமில்லை.

இங்கே கடல் செய்த கொடுமை யாது? நம் இலக்கணத்தார் நிலத்தை முதற்பொருளில் வைத்தனர். மாந்தர் ஒழுக்கத்தை உரிப்பொருள் என்றனர். நெய்தல் நிலத்துக் கடல் இரங்கலுக்கு இடமாகுமேயன்றி, இரங்கலுக்குரிய செயலைச் செய்வதாகாது. மான்சரட் உரிப்பொருளின் பழியை முதற்பொருளின் மேல் ஏற்றிவிட்டார். கடலையே பகையாகக் கருதுவது மாலுமியின் இயல்பு என்பார் உளர். புயலுக்கு அது பொருந்தும், ஆழ்குண்டுக்குப் பொருந்தாது. 1953இல் வந்த திரைப்படத்தில் எரிக்சனாக நடித்த ஜாக் ஹாக்கின்ஸ் சிந்தும் கண்ணீர், தலைப்பைவிட உண்மை பேசுகிறது.

மற்றொரு குறையும் உண்டு. கதை காவற் கப்பலின் தளத்திலிருந்தே காணப்படுகிறது. வணிகக் கப்பல் மாலுமிகள் பெரும்பாலும் நீரிலிருந்து தூக்கப்படும் உடல்களாகவே வருகின்றனர். அப்போரில் பிரிட்டனின் வணிகக் கப்பல்களில் ஏறத்தாழ 30,000 பேர் உயிர் துறந்தனர். 1941 மே மாதம் வரை, கப்பல் மூழ்கிய நாளோடு மாலுமியின் சம்பளமும் நிறுத்தப்படுவது வழக்கமாயிருந்தது. உயிர் தப்பிப் படகில் மிதந்தவனுக்கும் அதே கதிதான். அந்தக் கணக்கை எழுதியதும் கடலன்று. கரையில் இருந்த மனிதரே.

எனினும் இது படிக்கத்தக்க நூல். தன் தலைப்பையே பொய்யாக்கும் ஒரு காட்சியை மறைக்காமல் எழுதிய நேர்மை ஆசிரியருக்கு உண்டு. மாணவரிடம் இதைக் கொடுக்கும் ஆசிரியர்கள், 'கொடியது எது?' என்ற வினாவையும் உடன் கொடுப்பார்களாக.